ரப்பர் மரச் சிலுவை

தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை அல்ல. சபா, சரவாக்கில்தான் விடுமுறை. எனவே ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, விடியும் முன்பே சுங்கை சிப்புட்டுக்குப் பஸ் ஏறினேன். நான் பார்த்தவரை வழியெங்கும் செம்பனைதான். அம்மா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இல்லை. மிஞ்சியது பட்டணத்துத் தேவாலயமும், தபசு காலம் முடியும்போது அங்கே கூடுகிற நாங்களும்தான்.

வளாகத்தைச் சுற்றிச் சிலுவைப் பாதை: ஆண்டவரின் பாடுகளை நினைத்து ஸ்தலம் ஸ்தலமாக நின்று செபிப்பது. ஒரு ஸ்தலத்துக்குத் தமிழ், அடுத்ததற்கு மலாய். ‘ஜாலான் சாலிப்’ என்று மலாயில் வாசித்தபோது, எனக்குப் பக்தியைவிடச் சொல்லாராய்ச்சிதான் முந்திக்கொண்டது (மன்னிக்க வேண்டும்). நம் ‘சிலுவை’ சுரியானி மொழியின் ‘ஸ்லீவா’விலிருந்து வந்தது, ‘சாலிப்’ அரபியிலிருந்து. இரண்டும் அக்காள் தங்கை மொழிகள். போர்த்துகீசியர் கொண்டுவந்த ‘க்ரூஸ்’ நம் வாயில் ‘குருசு’ ஆனது. சிலுவை நட்டுக் கும்பிடும் இடம் ‘குருசடி’ ஆனது. தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் குருஸ் பர்னாந்தின் பெயரிலும் அந்த மரம்தான். என் தாத்தா ஞானஸ்நான ஏட்டில் சிலுவை, வீட்டில் குருசு. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் என்ன எழுதினாரோ, கடைசிவரை அடையாள அட்டையில் அவர் வேறு யாரோவாகவே இருந்தார்.

இளைஞர்கள் சுமந்து வந்த சிலுவையில் ஆண்டவரின் சுரூபம் இல்லை. சென்னைப் பரங்கிமலைக் கல்சிலுவையும் அப்படித்தான்: சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து, மேலே புறா, ஆள் கிடையாது. 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்தது. பழைய காலத்துக் கலைஞர்கள் தொங்கும் உடலைக் காட்ட வெகுநாள் தயங்கினார்கள். ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் 5ஆம் நூற்றாண்டு மரக்கதவில் ஆண்டவர் கைவிரித்து நிற்கிறார். ஆனால் சிலுவை சரியாகக் கண்ணில் படாது. பரங்கிமலையில் உடல் இல்லை, ரோமில் சிலுவை மரம் தெரிவதில்லை.

இங்கே மரம் ரப்பர். பாடம் செய்யாவிட்டால் சீக்கிரமே பூச்சி அரித்துவிடும். அதனால் ஆண்டுதோறும் புதிதாகச் செய்கிறார்கள். பட்டையைக்கூட உரிக்கவில்லை.

பத்தாம் ஸ்தலத்தில் அதை இறக்கி வைத்தபோது, என் பக்கத்தில் நின்ற அத்தை செபப் புத்தகத்தை மூடிவிட்டு, பட்டையை விரலால் தடவத் தொடங்கினார். முப்பது வருடம் பால் வெட்டியவர். சாய்ந்த வெட்டுத் தடத்தின்மேல் வழவழவென்று போன விரல் ஓரிடத்தில் நின்றது. புதுப்பட்டை அங்கே முண்டு முண்டாக வளர்ந்திருந்தது.

“கத்தி மரம்வரை இறங்கியிருக்கிறது,” என்றார். “காயம் பட்டால் இப்படித்தான் முண்டு போடும். இதற்கு மேல் வெட்டவும் முடியாது.”

“மண்டோர் திட்டுவாரா, அத்தை?”

“திட்டுவாரா? கூலியில் பிடிப்பார்கள்.”

பிற்பகல் 3 மணி ஆராதனையில் சிலுவை முத்தி செய்ய அத்தைக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் நடுவில் முத்தமிட்டு நகர்ந்தார்கள். அத்தை மட்டும் சற்றுக் கீழே குனிந்து, விரலால் தேடி, அந்த முண்டின்மேல் முத்தமிட்டார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, “எந்த நிரை மரமோ,” என்று முணுமுணுத்தார்.