இரண்டு கடிதங்கள்: தேர்தல் மாத நாட்குறிப்பு

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைய ஜெபக்கூட்டத்தில் தேர்தலுக்காக ஜெபித்தோம். ஜெபித்தோம் என்று எழுதவே கை தயங்குகிறது. முதலில் ஜெபித்த சகோதரர் ஒரு வேட்பாளரைத் தோற்கடிக்கும்படி கர்த்தரிடம் கேட்டார். அடுத்து ஜெபித்த அக்கா, பெயரைச் சொல்லாமல், மற்றவரைத் தோற்கடிக்கும்படி கேட்டார். இரண்டு ஜெபத்துக்கும் ஆமென் வந்தது. ஆனால் அறையின் வேறு வேறு மூலைகளிலிருந்து வந்தது.

கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன் கிறிஸ்தவனே இல்லை." சுற்றி நின்றவர்களில் இரண்டு பேராவது அந்தக் கட்சிக்குத்தான் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பேசாமல் கிளம்பிவிட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.

எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒருவர் கருவிலிருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்று பேசுகிறார். அதே வாயால் அடைக்கலம் தேடி வந்தவர்களைப் பூச்சி புழுவைப் போலப் பேசுகிறார். இன்னொருவர் ஏழைகளுக்காகவும் அந்நியருக்காகவும் நிற்கிறார். கருவின் உயிரைப் பற்றி அவர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வேதத்தில் இரண்டும் இருக்கிறது. தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர் என்று பாடும் சங்கீதமும் இருக்கிறது, பரதேசியைச் சிநேகியுங்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட எனக்கு உரிமை இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

போதகர் மாற்கு 12ஆம் அதிகாரத்தை எடுத்தார். இராயனுடையதை, அதாவது ரோமப் பேரரசனுடையதை, இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள் என்ற பகுதி. யாருக்குப் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

நாணயத்தில் இராயனின் உருவம் இருந்தது, அதனால் நாணயம் அவனுக்கு. மனிதனில் தேவனின் சாயல் இருக்கிறது, அதனால் மனிதன் தேவனுக்கு. இப்படி விளக்கியவர் ஆதிச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் என்று போதகர் சொன்னார். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய விளக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ பவுல் எழுதியபோது, அதை வாசித்த சபையார் பேரரசனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கீழ்ப்படிவது, வரி கட்டுவது, ஜெபிப்பது, தேவைப்பட்டால் பாடுபடுவது. அவர்களுக்கு இருந்த வழி அவ்வளவுதான். நம் நிலைமை வேறு. ஆளப்படுகிறவர்களும் நாமே, ஆட்சியில் ஒரு துளி பங்கு உள்ளவர்களும் நாமே. அப்படியென்றால் உபாகமம் 17இல் ராஜாவுக்குச் சொன்ன எச்சரிப்பு எனக்கும் பொருந்தும். குதிரைகளையும் வெள்ளியையும் பெருக்கிக்கொள்ளாதே, நியாயப்பிரமாணத்தின் பிரதியை எழுதி வைத்துத் தினமும் வாசி, உன் இருதயம் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதிருக்கட்டும். ராஜா எப்படி இருக்க வேண்டும் என்று அளக்க மட்டுமே இத்தனை நாளும் இந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

இன்றைய தேதி என் நினைவில் நிற்கும் தேதி. 1774 அக்டோபர் 6 அன்று, இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி தன் நாட்குறிப்பில் தேர்தலைப் பற்றி எழுதியிருக்கிறார். மெதடிஸ்டு சங்கத்தாரில் வாக்குரிமை உள்ளவர்களைச் சந்தித்து மூன்று ஆலோசனைகள் சொன்னாராம். காசோ வெகுமதியோ வாங்காமல், மிகவும் தகுதியானவர் என்று நீங்கள் நினைப்பவருக்கு வாக்களியுங்கள். நீங்கள் யாருக்கு எதிராக வாக்களித்தீர்களோ அவரைப் பற்றித் தீமை பேசாதீர்கள். எதிர்த்தரப்புக்கு வாக்களித்தவர்கள்மேல் உங்கள் மனம் கூர்மையாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துத் தேர்தலை மனதில் வைத்து வாசித்தால் இதன் கனம் புரிகிறது. அன்று இங்கிலாந்தில் வாக்கு ரகசியம் இல்லை. எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். நில உரிமையாளர் பார்ப்பார், கடைக்காரரின் வாடிக்கையாளர் பார்ப்பார். சாராயமும் பணமும் தாராளமாக ஓடின. அந்த நாட்டில் ரகசிய வாக்குச்சீட்டு சட்டமாக வந்தது 1872இல்தான். ஆஸ்திரேலியாவின் சில குடியேற்றங்கள் 1856இலேயே கொண்டுவந்துவிட்டன.

ரகசிய வாக்கை ஏதோ நிர்வாக ஏற்பாடு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இன்றைக்கு வேறு மாதிரி தெரிகிறது. அந்த மறைப்புக்குள் எஜமானும் இல்லை, குடும்பமும் இல்லை, சபை மூப்பரும் இல்லை. தேவன் மட்டும் பார்க்கிறார்.

வெஸ்லியின் மூன்றாவது ஆலோசனைதான் எனக்குக் கஷ்டம். வெள்ளிக்கிழமை வாசலில் பேசிய அந்தச் சகோதரர்மேல் என் மனம் ஏற்கெனவே கூர்மையாகிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணன் வந்திருந்தார். அவர் ஒரு பக்கம் உறுதியாக இருக்கிறார். நான் தடுமாறுவதைக் கோழைத்தனம் என்றார்.

"இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் விஷயத்தில் உனக்கு என்ன குழப்பம்?"

"அண்ணா, உங்களுக்கு வெளிச்சமாக இருப்பது அந்த அக்காவுக்கும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில்."

"அப்போ உண்மை என்று ஒன்று இல்லையா?"

நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் போன பிறகு எழுதுகிறேன்: உண்மை உண்டு. கருவின் உயிர் விலையேறியது என்பதிலோ, அந்நியனை ஒடுக்கக் கூடாது என்பதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குறைபாடுள்ள இரண்டு மனிதர்களில் யார் கையில் அதிகாரம் இருந்தால் குறைவான தீங்கு நடக்கும் என்பது கட்டளை அல்ல, கணிப்பு. கட்டளையை மீறுவது பாவம். கணிப்பில் இரண்டு விசுவாசிகள் வேறுபடலாம். ரோமர் 14இல் பவுல் சொல்லும் "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்பது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். அதே அதிகாரத்தில்தான் இன்னொருவனுடைய வேலைக்காரனை நியாயந்தீர்க்க நீ யார் என்றும் கேட்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நான் அறிக்கையிட வேண்டிய ஒன்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு வேட்பாளரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவர் ஒரு கூட்டத்தில் விசுவாசத்தைக் கேவலமாகப் பேசினார் என்று, படத்தோடு. கோபத்தில் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். நேற்றுக் காலை அந்த முழுப் பேச்சையும் கேட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. வேறொருவர் சொன்னதை மேற்கோள் காட்டி, அது தவறு என்றுதான் பேசியிருக்கிறார். யாரோ முன்னும் பின்னும் வெட்டியிருக்கிறார்கள்.

பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. பத்துக் கட்டளைகளில் இதற்கு ஏன் இடம் என்று சிறு வயதில் யோசித்ததுண்டு. கொலை, விபசாரம், களவு வரிசையில் இதுவும் இருக்கிறது. அந்நாளின் நியாயசபையில் இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கில் ஒருவனின் உயிரே போகும். தேர்தலும் ஒரு நியாயசபை மாதிரித்தான். ஒரு மனிதரை நிறுத்தி வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம். அதில் நான் பொய்ச்சாட்சியாக நின்றேன். எனக்கு ஆகாத வேட்பாளர் என்பதற்காக அவர் "பிறன்" இல்லாமல் போய்விடுவாரா?

மூன்று குழுக்களிலும் எழுதினேன்: "நான் அனுப்பியது பொய். சரிபார்க்காமல் அனுப்பினேன். மன்னியுங்கள்." இரண்டு குழுக்களில் அமைதி. ஒன்றில் ஒருவர், "இதைப் போய் ஏன் திருத்துகிறீர்கள், எப்படியும் அவர் அப்படிப்பட்டவர்தானே" என்று பதில் போட்டார். அதை வாசித்தபோது உடம்பு நடுங்கியது. வெள்ளிக்கிழமை இரவு நானும் அதே மாதிரிதான் நினைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

வேலை இடத்தில் என் கத்தோலிக்கத் தோழியோடு நீண்ட பேச்சு. அவர்கள் பக்கம் இதை எவ்வளவு காலமாக, எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

ஒரு தீமைக்கு உடன்படுவதில் இரண்டு வகை இருக்கிறதாம். அந்தத் தீமையையே விரும்பி அதில் சேருவது ஒன்று. விரும்பாமல், வேறு காரணத்துக்காகச் செய்யும் காரியம் எங்கோ தொலைவில் அதற்குத் துணைபோய்விடுவது இன்னொன்று. 2004இல் கர்தினால் ராட்சிங்கர், பிற்பாடு பதினாறாம் பெனடிக்டாக ஆனவர், ஒரு குறிப்பில் இதை வாக்குக்குப் பொருத்தினார். கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒரு வேட்பாளருக்கு வாக்களித்தால் அது முதல் வகை. அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், வேறு காரணங்களுக்காக வாக்களித்தால் அது இரண்டாம் வகை. அதற்கு ஈடான கனமுள்ள காரணம் இருந்தால் அனுமதிக்கப்படலாம்.

"ஈடான கனமுள்ள காரணம் என்பதை யார் எடை போடுவது?" என்று கேட்டேன்.

"நீதான். அதுதான் பயமே" என்றாள்.

இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாவைப் பற்றியும் சொன்னாள். மனச்சாட்சி தவறாகச் சொன்னாலும் அதை மீறுவது பாவம் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் அங்கேயே நிறுத்தவில்லையாம். தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதால் மனச்சாட்சி தவறியிருந்தால், அதைப் பின்பற்றினாலும் குற்றம் நீங்காது. எனக்கு உடனே பவுல் நினைவுக்கு வந்தார்: "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை." மனச்சாட்சிப்படி வாக்களித்தேன் என்று சொல்லும்போது நாம் விவாதத்தை முடித்துவிட்டதாக நினைக்கிறோம். பவுலுக்கு அது ஒரு விசாரணையின் நடுப்பகுதி, தீர்ப்பு கர்த்தருடையது.

அக்டோபர் 19, ஞாயிறு

மனச்சாட்சியை எப்படிப் பழக்கினோம் என்பது முக்கியம் என்று போன வாரம் எழுதியிருக்க வேண்டும். இன்று ஒரு தேர்தலைப் பற்றி வாசித்தேன். 1933 ஜூலை 23, ஜெர்மனியின் சீர்திருத்தச் சபைகளுக்குள் நடந்த சபைத் தேர்தல். ஹிட்லரின் நாசிக் கட்சியோடு கைகோத்த "ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்" என்ற அணி ஒரு பக்கம். முந்தின நாள் இரவு ஹிட்லரே வானொலியில் அந்த அணிக்கு ஆதரவாகப் பேசினார். அவர்கள் பெரும்பான்மையோடு வென்றார்கள்.

வாக்களித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனவர்கள். அவர்களில் பலருக்கு மனம் உறுத்தியிருக்காது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறு ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் பார்மெனில் அவர்களை எதிர்த்துக் கூடிய சிறு கூட்டம்தான், இயேசு கிறிஸ்துவே நாம் கேட்க வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்று அறிக்கை செய்தது. இறையியலாளர் கார்ல் பார்த் அதில் பெரும்பகுதியை எழுதினார்.

இன்றைய வேட்பாளர்களை அந்தக் காலத்தோடு ஒப்பிட நான் இதை எழுதவில்லை. தனக்கு ஆகாதவரை எல்லாம் ஹிட்லர் என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. என் பயம் என்னைப் பற்றியது. என் உள்ளத்தில் பேசும் குரல் கர்த்தருடையதா, இல்லை, நான் தினம் கேட்கும் செய்திச் சேனலுடையதா? இந்த வாரம் முழுக்கச் செய்தியைக் குறைத்துவிட்டு எரேமியாவை வாசிக்கப் போகிறேன்.

அக்டோபர் 22, புதன்

வாக்களிக்காமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். விசுவாசத்தினாலேயே வாக்களிக்காதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எளிமையாக, உலகத்தைவிட்டு ஒதுங்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அப்படி. பட்டயத்தை, அதாவது வாளை, எடுக்கும் அதிகாரத்தில் பங்கு வேண்டாம் என்ற ஒழுக்கம், அதற்கேற்ற வாழ்க்கையும் அவர்களுக்கு உண்டு. எனக்கு அது இல்லை. என்னைத் தடுப்பது அலுப்பு மட்டுமே. நியாயாதிபதிகள் 9இல் யோதாம் சொன்ன கதையில், ராஜாவாகும்படி மற்ற மரங்கள் அழைக்கும்போது, ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தங்கள் வேலையே போதும் என்று ஒதுங்கிக்கொள்கின்றன. கடைசியில் முட்செடி ராஜாவாகிறது. அலுப்பை மனச்சாட்சி என்று பெயர் மாற்ற மாட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

நேற்று இரவு இரண்டு கடிதங்கள் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்று. வென்றால் அவருக்கு அனுப்புவதற்காக. அவர் எந்த விஷயத்தில் தவறு என்று நான் நம்புகிறேனோ அதை, மரியாதையோடு, காரணத்தோடு. ஊமையனுக்காகவும் திக்கற்றவர்களுக்காகவும் வாயைத் திற என்று நீதிமொழிகள் 31 சொல்வது வாக்குப்பதிவோடு முடிகிற வேலை இல்லை.

ஒரு கடிதம் அரை மணி நேரத்தில் முடிந்தது. குற்றங்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. மற்றதை எழுதவே முடியவில்லை. பேனாவை எடுத்தால் சமாதானம் சொல்லத் தொடங்கினேன்: "அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்", "சூழ்நிலை அப்படி". அப்போதுதான், இவர் பக்கம் நான் எப்போதோ சாய்ந்துவிட்டேன் என்று தெரிந்தது. அந்தச் சாய்வையே முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடிதத்தை எழுதி முடித்தேன். இவருடைய தவறால் பாதிக்கப்படப் போகிறவர்களை முகத்தோடு நினைத்துக்கொண்டு எழுதினேன். அழுகை வந்தது. முடித்த பிறகு முழங்கால்படியிட்டுக் கேட்டேன்: ஆண்டவரே, இவ்வளவும் தெரிந்த பிறகும் இவருக்கு என்னால் வாக்களிக்க முடியுமா? முடியும் என்றுதான் தோன்றியது. சந்தோஷத்தோடு அல்ல.

அவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன். என் கணிப்பு இன்னொருவரின் மனச்சாட்சிக்குப் பாரமாக வேண்டாம்.

அக்டோபர் 25, சனி

வாக்களித்தேன். வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் வாசலில் பேசிய அந்தச் சகோதரர். "நீங்கள் அன்றைக்குச் சொன்னது என்னை வருத்தியது. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டேன்" என்றேன். அவர் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மகனும் தானும் இந்தத் தேர்தலால் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்றார். அவ்வளவுதான் பேசினோம். அந்த மகனுக்காக ஜெபிக்கிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

முடிவு வெளியானது. கொண்டாடுகிறவர்களும் உடைந்து போனவர்களும் என் சபையிலேயே இருக்கிறார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். இரண்டு கடிதங்களையும் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்குப் பிடித்தவரைப் பற்றிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். மறுப்புச் சொல்லவில்லை. அப்புறம் வென்றவருக்கான கடிதத்தில் ஒரு வரியைக் காட்டினார்.

"இது கோபத்தில் எழுதினது. உண்மைதான், ஆனால் குத்துவதற்காகச் சொன்ன உண்மை. எடுத்துவிடு."

எடுத்துவிட்டேன். அடித்தல் தெரியக் கூடாது என்று முழுக் கடிதத்தையும் புதுத் தாளில் மறுபடி எழுதினேன். கீழே என் பெயரையும் முகவரியையும் முழுதாகப் போட்டேன். நாளைக் காலை தபாலில் சேர்க்க வேண்டும்.