கீமோ நாட்களில் மோர், தயிர், யாகுல்ட்: அப்பச்சியின் வயிறு தேறிய விதம்

கீமோ என்றால் முடி கொட்டும், வாந்தி வரும் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தேவகோட்டையில் இருக்கும் என் அப்பச்சிக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து மதுரையில் கீமோ தொடங்கியதும் எங்களை அதிகம் ஆட்டிவைத்தது அதுதான். இதே வழியில் போகிறவர்கள் வீட்டில் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மருந்து 21 நாள் சுற்று. முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், அப்புறம் 14 நாள் வீட்டிலேயே கேப்சிடபின் மாத்திரை, பிறகு ஒரு வாரம் ஓய்வு. மாத்திரை பாதி நாள் ஓடியதும் தண்ணீராகப் போகத் தொடங்கியது. மருத்துவர் காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். கீமோவோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து. அதனால் இந்தத் தோலும் அடிபட்டுப் புண்ணாகிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் அந்தத் தோலில்தான் இருக்கிறது, அதுவும் குறைந்துவிடுகிறது.

இதைக் கேட்டதும்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையாகச் சேர்ந்திருந்தது. “பால் உள்ள போனாத்தானே தெம்பு வரும்” என்று ஆத்தா (அம்மா) நேரத்துக்கு ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுத்தார். அப்பச்சியும் மறுக்காமல் குடித்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, கடமுடா என்று இரைந்து, கொல்லைப்பக்கம் ஓட வேண்டியிருந்தது. பாலையும் பால் காபியையும் நிறுத்தியதும் அந்த உப்பசம் நன்றாகக் குறைந்தது. தயிர் அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பங்கை பாக்டீரியா தின்றுவிடுகிறது, மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகிறது.

இதற்கிடையில் சிங்கப்பூரிலிருக்கும் உறவினர்கள், “யாகுல்ட் வாங்கிக் கொடுங்க, குடல் புண் ஆறிடும்” என்று தினமும் சொன்னார்கள். யாகுல்ட் என்பது புளிக்கவைத்த பால் பானம். 65 மில்லி குப்பி, அதில் 650 கோடி ஷிரோட்டா பாக்டீரியா. ஜப்பானில் 1935-லிருந்து விற்கிறார்கள். கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டோம். இந்த ஒரு கேள்வியை யாரும் விட்டுவிடக் கூடாது.

அவர் ஒரே வரியில் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. பின்லாந்தில் பெருங்குடல் புற்றுநோய்க்காரர்கள் 150 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2007-ல் வெளியானது. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தோடு லாக்டோபாசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டவர்களில் 22 சதவீதம் பேருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்தது. எடுக்காதவர்களில் 37 சதவீதம். அப்பச்சியின் கேப்சிடபினும் உடலுக்குள் போய் 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது. அதனால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் அந்த பாக்டீரியா வேறு, யாகுல்ட்டில் இருப்பது வேறு, வீட்டுத் தயிரில் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஒன்றின் பலனை இன்னொன்றுக்கு எழுத முடியாது என்றார்.

அதைவிட முக்கியமாக அவர் சொன்னது வெள்ளையணுக் கணக்கு. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோபில் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் உயிருள்ள பாக்டீரியா அரிதாக ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, அவர் சரி என்று சொன்ன பிறகே கொடுப்போம். எண்ணிக்கை குறைந்தால் தயிர், மோர், யாகுல்ட் மூன்றும் நிற்கும். அந்த நாட்களில் கொதிக்கவைத்த மோர்க்குழம்பு மட்டும், காரம் போடாமல். அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. சோறு இறங்க வழி செய்தது, அவ்வளவே.

இன்னொரு சிக்கல் குளிர்ச்சி. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்தது தொண்டையில் பட்டாலே முள்ளாகக் குத்தி, மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். யாகுல்ட்டையோ ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் கெட்டுவிடும். சூடாக்கினால் பாக்டீரியா செத்துவிடும். குடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்து வெளியே வைத்து, குளிர் முழுதும் விட்ட பிறகு கொடுத்தோம். சர்க்கரை சேர்ந்த பானம் என்பதால் ஒரு குப்பியோடு நிறுத்திக்கொண்டோம். மோருக்கு அன்றன்று உறைந்த தயிர், வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் பாத்திரம், கொதித்து ஆறிய தண்ணீர். பச்சை மிளகாயும் இஞ்சியும் இல்லாமல் வெறும் உப்பு. எங்கள் வீட்டுக் கைக்கு அது பெரிய கட்டுப்பாடுதான்.

மோர் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு மாற்று இல்லை. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அன்றைக்குள் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கை அடக்கும் லோபராமைட் மாத்திரை எப்போது, எத்தனை என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்தோம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, நேரே மருத்துவமனை.

ஒரு நோட்டில் தினமும் எத்தனை முறை போனார், என்ன சாப்பிட்டார் என்று குறித்தேன். அப்பச்சிக்கு அது கூச்சம். “இதையெல்லாம் எழுதணுமா ஆத்தா” என்று என்னிடம் கேட்பார். ஆனால் வழக்கத்தைவிட நாலு முறை கூடுதலாகப் போனாலே கேப்சிடபினை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதற்கப்புறம் போக்கு வெகுவாக அடங்கியது. யாகுல்ட்டுக்கும் மோருக்கும் இதில் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோறு பிடிக்காத நாளிலும் அவர் மோரை விரும்பிக் குடித்தார், அது வயிற்றில் தங்கியது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல். கீமோ முடிந்து சில வாரங்கள் கழித்து, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டோடு அரை டம்ளர் பாலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.