இடிமுகிலையும் ரேடியோப் பேச்சையும் சேர்த்துப் படியுங்கள்

விமானி உரிமத்துக்கான எழுத்துப் பரீட்சைகளில் வானிலையியல் ஒரு பாடம், ரேடியோத் தொடர்பு வேறொரு பாடம். கொழும்பில் என்னோடு படித்தவர்களில் பலர் முதலாவதை முடித்து மூடிவைத்த பிறகே இரண்டாவதைத் திறந்தார்கள். இடிமுகிலைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தது எனக்குப் பெரிதும் உதவியது. முகிலைப் பற்றி ஒரு விமானி அறிந்ததெல்லாம், தரையிலுள்ள வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் அவர் கேட்கும் ஒரு வரி வேண்டுகோளில்தான் பயன்படுகிறது.

இடிமுகிலுக்கு, அதாவது திரண்மழை முகிலுக்கு (குமுலோனிம்பஸ்), வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு என மூன்று கட்டங்கள். தனிக் கலமொன்று (முகிலின் ஒரு தனி அலகு) ஏறக்குறைய 30 முதல் 60 நிமிடங்களில் இவற்றைக் கடந்துவிடும். மனனம் செய்யாதீர்கள், பாருங்கள். ஏப்ரலிலோ ஒக்டோபரிலோ, “பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை” என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் ஒரு நாளில், வெள்ளவத்தை மொட்டைமாடியில் நின்று கிழக்கே நோக்குங்கள். கடற்காற்று உள்நாட்டில் குவிந்து மேலெழும்ப, முகில் கோபுரமாக வளர்வது தெரியும். அதே நேரம் கட்டுநாயக்க விமான நிலையத்தின் மெட்டார் எனும் வானிலை அறிக்கையில், திரண்மழை முகிலைக் குறிக்கும் சி.பி. என்ற எழுத்துகள் வந்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

ராடர் பாடத்தில் நிதானமாக இருங்கள். விமானத்தின் மூக்கிலுள்ள வானிலை ராடர் நன்றாகக் காண்பது முக்கியமாக மழைத்துளிகளையே. பனிப்பளிங்குகளும் உலர்ந்த ஆலங்கட்டியும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே 36,000 அடியில் ராடர் அலையை நேரே செலுத்தினால் திரையில் பச்சையாக (மென்மழை) தோன்றும் முகில், அலையைக் கீழே சாய்த்ததும் சிவப்பாகலாம் (கனமழை). கனமழை ராடர் அலையை விழுங்கிவிடுவதால், சிவப்புக்குப் பின்னால் தெரியும் கருமையைத் தெளிவான வானம் என்று நம்பக்கூடாது. 2009 ஜூன் 1 அன்று அத்திலாந்திக்கின் மேல் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் வேகமானிக் குழாய்களை அடைத்தவை பனிப்பளிங்குகளே. 228 பேர் இறந்த அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை முழுமையாக வாசியுங்கள். அதே இரவில் அந்தப் பகுதியைக் கடந்த வேறு விமானங்கள் பாதை விலகிச் சென்றதையும் அது சொல்கிறது.

கடுமையான இடிமுகிலிலிருந்து குறைந்தது 20 கடல் மைல் விலக வேண்டும். மேலாகக் கடப்பதானால், உச்சியில் வீசும் காற்றின் ஒவ்வொரு 10 நொட்டுக்கும் (மணிக்கு 10 கடல் மைல் வேகம்) 1,000 அடி இடைவெளி. முகிலுக்குக் கீழாக நுழையவே கூடாது.

இனி ரேடியோ. கட்டுப்பாட்டாளரின் திரை விமானங்களைப் பிரித்து வைப்பதற்கானது. நீங்கள் காணும் முகில் அதில் தெரியும் என்று எண்ண வேண்டாம். எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று கேட்டு, முடிந்தால் எப்போது பாதைக்குத் திரும்புவீர்கள் என்றும் சொல்லுங்கள். முன்கூட்டியே கேளுங்கள். நிமிடத்துக்கு 8 மைல் ஓடும் ஜெட்டுக்கு 80 மைல் என்பது வெறும் 10 நிமிடம். அதற்குள் கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களை ஒழுங்குபடுத்த வேண்டும், தேவையானால் சென்னை அல்லது மாலே கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேச வேண்டும். அவசரமென்றால் “வெதர் டீவியேஷன் ரிக்வயர்ட்” (வானிலையால் பாதை விலக வேண்டும்) என்ற சொற்றொடர் அலைவரிசையில் முன்னுரிமை கோரும். அதுவும் போதாதபோது “பான் பான்” என்ற அவசர அழைப்பு, மும்முறை.

கடலின் மேல் அனுமதி கிடைக்காமலே விலக நேர்ந்தால் என்ன செய்வது? பலர் குழம்பும் இடம் இதுதான். பாதையிலிருந்து 5 கடல் மைலுக்குள் அதே உயரம். அதற்கு மேல் விலகுவதானால், 5 மைல் அளவில் உயரத்தை 300 அடி மாற்ற வேண்டும்: வடக்கே விலகினால் இறக்கம், தெற்கே விலகினால் ஏற்றம். சிங்கப்பூர் நோக்கிப் போகையில் இடப்பக்கம் விலகுவோர் இறங்குவார்கள், மாலே நோக்கிப் போகையில் இடப்பக்கம் விலகுவோர் ஏறுவார்கள். வெளிவிளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டு, 121.5 மெகாஹேர்ட்ஸ் அவசர அலைவரிசையில் அறிவிக்கவும் வேண்டும். 2020 நவம்பருக்கு முந்திய குறிப்புகளில் 5க்குப் பதிலாக 10 மைல் என்றிருக்கும். மூத்த மாணவர்களிடம் வாங்கிய கொப்பிகளில் இதை உடனே திருத்துங்கள்.

பரீட்சைக்கு முந்திய வாரங்களில் நண்பர் ஒருவரைக் கட்டுப்பாட்டாளராக இருத்திப் பேசிப் பழகுங்கள். அவர் அடிக்கடி “அன்ஏபிள்” (இயலாது) என்று மறுக்கட்டும். மறுபக்கம் விலகக் கேட்பதா, வேறு உயரம் கேட்பதா, வட்டமிட்டுக் காத்திருப்பதா என்று அந்த நொடியே முடிவெடுத்து, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.