தடைக்காலத்தில் வண்டிக்குள் பார்த்த வேலை

மண்டபத்தில் இருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் நம்ம பிக்கப்புக்கு இப்போதுதான் ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. சரி, உள்வேலையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தரை. போன முறை கடைக்காரர் பேச்சைக் கேட்டு கார்பெட் ஒட்டியிருந்தேன். செருப்போடு வந்த ஐஸ் தண்ணீரும் உப்பும் அதற்கடியிலேயே தங்கிவிட்டது. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. பிரித்துப் பார்த்தால் தகரம் பொரிப் பொரியாக உதிர்கிறது! பற்றவைத்துச் சரிசெய்த செலவில் பத்து மேட் வாங்கியிருக்கலாம். இப்போது நான்கு பக்கமும் விளிம்பு தூக்கிய ரப்பர் மேட். தினமும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டால் முடிந்தது.

சீட்டுக்கு ரெக்சின். வெயிலில் சுடும்தான், மேலே ஒரு துண்டு விரித்துக்கொள்கிறேன். துணி உறையை இனித் துவைக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

போன் ஸ்டாண்ட் கண்ணாடியில் ஒட்டுவது வேண்டாம். வெயிலில் இளகி, சரியாக வண்டி ஓடும்போதுதான் விழும். திருகு வைத்ததே நல்லது.

அப்புறம், மகள் ஆசையாக வாங்கி வைத்த மல்லிகை வாசனை டப்பா. மத்தி வாடையோடு சேர்ந்தால் தாங்க முடியாது. கழற்றத்தான் மனசு வரவில்லை.