ஒருவர்கூட மிச்சமில்லாத அணி: கென்டக்கி கூடைப்பந்து, சீசனுக்கு முந்தைய நாட்குறிப்பு

ஏப்ரல் 15, 2024, திங்கள்

நேற்று லெக்சிங்டனில், கென்டக்கி பல்கலைக்கழக அணியின் சொந்த அரங்கமான ரப் அரீனாவில், மார்க் போப்புக்கு வரவேற்பு. ஆட்டம் எதுவும் இல்லை, புதுப் பயிற்சியாளரைப் பார்ப்பதற்கே அரங்கம் நிரம்பி வழிந்தது. 1996இல் கோப்பை வென்ற அணியின் கேப்டன் என்றால் சும்மாவா? ஆனால் வெள்ளிக்கிழமை பெயர் வெளியானபோது முகம் சுளித்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். அதற்குக் காரணம் உண்டு. பி.ஒய்.யூ.வில் (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) ஐந்து சீசன் பயிற்சியாளராக இருந்தும், கல்லூரி அணிகளின் தேசிய நாக்-அவுட் தொடரான என்.சி.ஏ.ஏ. போட்டியில் போப்புக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2021இல் யு.சி.எல்.ஏ.விடமும் போன மாதம் டியூகேனிடமும் முதல் சுற்றிலேயே தோற்றார்.

கென்டக்கியின் கணக்கும் சொல்லிக்கொள்கிறாற்போல் இல்லை. 2019க்குப் பிறகு கடைசி 16க்குள் போனதே கிடையாது. மார்ச் 21 அன்று ஓக்லண்டிடம் 76-80. அவர்களின் ஜாக் கோல்கி ஒருவரே 10 த்ரீ (வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) போட்டார். அவர் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரீனை, அதாவது வழிமறித்து நிற்கும் சக வீரரை, சுற்றி ஓடி வந்துதான் எறிந்தார். விரட்டியவர் ஒரு எட்டு பின்தங்கினார், உதவிக்கு வர வேண்டிய உயரமானவர் கூடைக்கு அடியிலேயே நின்றார். அடுத்த அணியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில்தான் இருக்கிறது: ஸ்க்ரீனைச் சுற்றி விரட்டத் தெரிந்த கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவர்) யார்?

மே 2, வியாழன்

கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலின் பொதுக் கெடு நேற்றோடு முடிந்தது. 45 நாள். பயிற்சியாளர் மாறிய அணியின் வீரர்களுக்குத் தனியாக 30 நாள் உண்டு. கெடு என்பது பெயர் கொடுப்பதற்குத்தான். எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்க நாள் குறிப்பு கிடையாது. அதனால் ஆள் சேர்ப்பு ஜூன் வரை இழுக்கும். படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்ற விதியும் போன மாதம்தான் வந்தது.

போன சீசன் ஸ்காலர்ஷிப்பில் ஆடியவர்களில் ஒருவரும் இல்லை. ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்ஹமும் என்.பி.ஏ. ட்ராஃப்டுக்கு (தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வு), வாக்னரும் இவிசிச்சும் பழைய பயிற்சியாளர் கலிபாரியின் பின்னால் ஆர்கன்சாவுக்கு, மற்றவர்கள் திசைக்கொருவராக. புது அணியை எடைபோட வழக்கமாக முதலில் பார்ப்பது, போன வருட ஆட்ட நிமிடங்களில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதை. இங்கே விடை பூஜ்யம். அந்த அளவுகோலை இந்த வருடம் தூக்கி வைத்துவிட வேண்டியதுதான்.

மே 30, வியாழன்

ட்ராஃப்டிலிருந்து பெயரை விலக்கிக்கொள்ள நேற்று நள்ளிரவு கடைசி. பி.ஒய்.யூ.வின் ஜாக்சன் ராபின்சன் விலக்கிக்கொண்டார். போப்பின் ஆட்டமுறை அத்துபடியான ஒரே ஆள் அவர். லெக்சிங்டனுக்கு வந்தால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் கிடைப்பார். புள்ளிகளைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஜூலை 8, திங்கள்

ராபின்சன் வந்துவிட்டார், பட்டியல் முடிந்தது. சான் டியகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர், வேக் ஃபாரஸ்டின் ஆண்ட்ரூ கார், ட்ரெக்சலின் அமாரி வில்லியம்ஸ், ஓக்லஹோமாவின் ஒடெகா ஓவே, டேட்டனின் கோபி ப்ரேயா, வெஸ்ட் வர்ஜீனியாவின் கெர் க்ரீசா, ஓக்லஹோமா ஸ்டேட்டின் பிராண்டன் கேரிசன், ஃபேர்லி டிக்கின்சனின் ஆன்ஸ்லி அல்மனோர். இவர்களோடு மூன்று புதுமுகங்கள்: பெரி, நோவா, இரண்டு வருடம் மதப்பணிக்குப் போய்த் திரும்பியிருக்கும் சாண்ட்லர்.

ரசிகர்கள் செய்யும் முதல் தப்புக் கணக்கு, போன வருட சராசரிப் புள்ளிகளை அப்படியே கூட்டுவது. இந்த ஒன்பது ட்ரான்ஸ்ஃபர்களைக் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒரு அணிக்குக் கிடைப்பதே சுமார் 70 பொஸஷன், அதாவது பந்தோடு தாக்கும் வாய்ப்பு. பந்து ஒன்றுதான். அதனால் புள்ளிகளை விட்டுவிட்டு நிமிடங்களைப் பங்கிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து பேர், 40 நிமிடம், மொத்தம் 200. என் பங்கீடு: பட்லர் 28, ராபின்சன் 28, கார் 26, ஓவே 26, வில்லியம்ஸ் 24, ப்ரேயா 24, க்ரீசா 16, கேரிசன் 14, அல்மனோர் 8, புதுமுகங்கள் மூவருக்கும் சேர்த்து 6. உள்ளூர்ப் பையன் பெரிக்கு 15 நிமிடமாவது வேண்டும் என்று கொடி பிடிப்பவர்கள், அதை யாரிடமிருந்து எடுப்பது என்றும் சொல்ல வேண்டும்.

ப்ரேயா விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. போன சீசன் த்ரீயில் 49.8 சதவீதம், நாட்டிலேயே முதல். 200 சொச்சம் வீச்சில் வந்த எண் அது. அந்த அளவு மாதிரியில் தற்செயலாக மட்டுமே மூன்றரை சதவீதம் மேலோ கீழோ போகும். போதாக்குறைக்கு டேட்டனில் அவர் மாற்று வீரராகப் பெஞ்சிலிருந்து இறங்கியவர். இங்கே எதிரணியின் முதல் குறிப்பே அவர் பெயராகத்தான் இருக்கும். 42, 43 வந்தாலே பிரமாதம். அப்போது ‘ஆள் சரிந்துவிட்டார்’ என்று யாரும் எழுத வேண்டாம்.

பட்லர், ராபின்சன், கார், வில்லியம்ஸ், ப்ரேயா, க்ரீசா ஆறு பேருக்கும் இது ஐந்தாவது வருடம். 2020-21 கோவிட் சீசனில் ஆடியதற்குக் கிடைத்த கூடுதல் வருடம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை வைத்து ஆடிய கலிபாரி காலத்துக்கு நேர் எதிர். ஏப்ரலில் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது: ஸ்க்ரீனைச் சுற்றி விரட்டுவது பட்லரின் தொழிலே. 2023 ஃபைனல் ஃபோரில் (என்.சி.ஏ.ஏ. அரையிறுதி) கடைசி நொடியில் கூடை போட்டு 72-71 என்று ஜெயிக்கவைத்தவர் என்றுதான் ஊருக்குத் தெரியும். சான் டியகோவில் அவருக்கு இடம் கிடைத்தது தற்காப்புக்காக.

செப்டம்பர் 23, திங்கள்

முதல் ஆட்டத்துக்கு 42 நாள் முன்பிருந்து முழுப் பயிற்சி தொடங்கலாம் என்பது விதி. நவம்பர் 4இலிருந்து எண்ணினால் இன்று. இந்த 42 நாளில் 30 நாள் மட்டுமே பயிற்சி, வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை.

இந்த நேரம் எதற்குப் போகும்? தாக்குதலில் போப் ஐந்து பேரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவார். பி.ஒய்.யூ.வில் எறிந்ததில் ஏறக்குறைய பாதி த்ரீதான். நடுவே பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் வேலையைப் போன வருடம் அலி கலிஃபா செய்தார். இந்த வருடம் வில்லியம்ஸ். ஏழடி, இடதுகைக்காரர், பாஸ் அழகாக வரும். சிக்கல் என்னவென்றால் த்ரீ எறிய மாட்டார். அவரைக் காக்கும் எதிரணி சென்டர் வெளியே வரவே தேவையில்லை. கூடைக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளே வெட்டி ஓடுபவனின் பாதையை அடைத்துவிடலாம். நல்ல பாஸ்கூடத் திருட்டுப் போகும்.

மருந்து, கையோடு பந்து மாற்றுவது. வில்லியம்ஸ் பந்தோடு ப்ரேயாவை நோக்கிப் போய், கையில் கொடுத்துவிட்டு, அப்படியே ப்ரேயாவைக் காப்பவனின் வழியில் நின்றுவிட வேண்டும். எதிரணி சென்டர் உள்ளே பதுங்கியிருப்பதால் ப்ரேயாவின் வீச்சை மறிக்க ஆளே இருக்காது. மறிக்க வெளியே வந்தால் வில்லியம்ஸ் திரும்பி உள்ளே உருளலாம். எழுத எளிது. கொடுக்கும்போது சென்டரின் கால் நகர்ந்துகொண்டிருந்தால் தாக்குதல் ஃபவுல், பந்து அவர்களுக்கு. புது அணிகள் நவம்பரில் இதில்தான் அதிகம் மாட்டும்.

தற்காப்பு இன்னும் தாமதமாகும். உதவிக்கு ஓடுவது எளிது. உதவிக்குப் போனவனின் ஆளை யார் எடுப்பது என்பது பேசாமலே தெரிய வேண்டும். சேர்ந்து ஆடாதவர்களுக்கு அது ஜனவரிக்கு முன் வராது.

அக்டோபர் 14, திங்கள்

ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தேசியத் தரவரிசைப் பட்டியலில் கென்டக்கி 23. கென்டக்கி ஆடும் லீகான எஸ்.இ.சி.யின் கணிப்பில் 16 அணிகளில் எட்டாவது. ‘எட்டாவதா? கென்டக்கியா?’ என்று ஒரே கூச்சல். ஏ.பி.யின் முதல் 25இல் எஸ்.இ.சி. அணிகள் மட்டும் ஒன்பது. அலபாமா 2, ஆபர்ன் 11, டென்னசி 12. டெக்சஸும் ஓக்லஹோமாவும் ஜூலையில் சேர்ந்த பிறகு இந்த லீகில் சுலபமான இரவு என்று ஒன்று இல்லை. வெறுப்பேற்றினாற்போல் கலிபாரியின் ஆர்கன்சா 16ஆம் இடத்தில். பிப்ரவரி 1 அன்று அவர் ரப் அரீனாவுக்கு வருவார், அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

என் கணக்கு: 31 ஆட்டம். லீகுக்கு வெளியே 13. அதில் டியூக், கிளெம்சன், கொன்சாகா, லூயிவில், ஒஹாயோ ஸ்டேட் ஐந்தும்தான் சோதனை. மற்ற எட்டும் கைக்குள், ஐந்தில் இரண்டு மூன்று, லீகின் 18இல் ஒன்பது பத்து. ஆக 19இலிருந்து 21 வெற்றி. லூயிவில்லும் போன வருடம் 8-24 என்று நொறுங்கி முழுசாகப் புதிதாகக் கட்டும் அணிதான். கலிஃபா சேர்ந்திருப்பதும் அங்கேதான்!

அக்டோபர் 24, வியாழன்

நேற்று கென்டக்கி வெஸ்லியனோடு காட்சி ஆட்டம். 123-52. கணக்கில் சேராது. எதிரணி இரண்டாம் டிவிஷன், உயரம் குறைவு. ஆகவே ரீபவுண்டையும் (தவறிய வீச்சைப் பிடிப்பது) பெயிண்டில், அதாவது கூடைக்கு அருகில், விழுந்த புள்ளிகளையும் மதிக்க வேண்டாம். பானைச் சோறு பதம் பார்க்க இது அந்தப் பானை இல்லை. மதிக்க வேண்டியவை வேறு: யாரும் பறிக்காமல் தானாகவே இழந்த பந்துகள், ஃப்ரீ த்ரோ, முதல் எட்டு நிமிடத்தில் யார் யாரோடு ஆடினார்கள் என்பது.

அக்டோபர் 30, புதன்

மினசோட்டா ஸ்டேட் மான்கேட்டோ, 98-67. இவர்கள் இரண்டாம் டிவிஷனின் நடப்பு சாம்பியன்கள், சேர்ந்து ஆடிப் பழகியவர்கள். 123ஐப் பார்த்துவிட்டு 98க்குச் சலித்துக்கொள்பவர்கள் இரண்டு எதிரணிகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வெஸ்லியனிடம் கிடைத்ததைவிட இந்த 40 நிமிடத்தில் கற்க நிறைய இருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

நாளை ரைட் ஸ்டேட். அடுத்து பக்னெல், 12ஆம் தேதி அட்லான்டாவில் புதுமுக நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக்கின் டியூக்.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் வேகமான ஆட்டம் ஏமாற்றும். பொஸஷன் கணக்கிட: எறிந்தவை, கழித்தல் தாக்குதல் ரீபவுண்ட், கூட்டல் டர்ன்ஓவர் (எறியாமலே இழந்த பந்து), கூட்டல் ஃப்ரீ த்ரோவின் 0.475 பங்கு. புள்ளிகளை அதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இந்த அணிக்கு 110க்கு மேல் தாக்குதல் திருப்தி. நாளைய எதிரணிக்கு 95க்கு மேல் கொடுத்தால் கவலை.

எதிரணியின் த்ரீ சதவீதத்தைக் கண்டுகொள்ள வேண்டாம், அது பெரும்பாலும் அதிர்ஷ்டம். எத்தனை எறிந்தார்கள், அதில் எத்தனை மூலையிலிருந்து, ஆளே இல்லாமல் எறிந்தார்கள் என்று எண்ணலாம். வில்லியம்ஸ் இரண்டாவது ஃபவுல் வாங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளவும். முதல் பாதியில் பத்து நிமிடம் மீதமிருக்கும்போதே விழுந்தால் கேரிசன் 14 நிமிடத்தில் முடிக்க முடியாது, என் 200 நிமிடப் பங்கீட்டை டியூக் ஆட்டத்துக்கு முன் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.