கருத்தரங்கில் ஆய்வுரை: பதற்றத்தோடு பேசப் பழகிய அனுபவம்

முதல் கருத்தரங்குக்குத் தயாராகும் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான், இந்தப் பயம் எப்போது போகும் என்று. எனக்கு இன்னும் போகவில்லை. அமர்வுத் தலைவர் என் பெயரைச் சொன்னதும் இதயம் தடதடவென்று அடிக்கத் தொடங்குகிறது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இப்போது அந்தப் படபடப்போடேயே பேசி முடிக்கிறேன், கேள்வி நேரத்திலும் நின்று பதில் சொல்கிறேன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

வறட்சியில் இலைத்துளைகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்பது என் ஆய்வு. ஆய்வகத்தில் அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன், நெறியாளர் குறுக்கே எத்தனை கேள்வி கேட்டாலும் தடுமாற மாட்டேன். அதே விஷயத்தை அரங்கில் சொல்லும்போது மட்டும் எல்லாம் மாறிவிடும். லேசர் பாயின்டரை வரைபடத்தின் மீது காட்டினால் அந்தச் சிவப்புப் புள்ளி கோட்டை விட்டுத் துள்ளித் துள்ளி விலகும். விரலில் இருக்கும் கொஞ்சநஞ்ச நடுக்கத்தைத் திரை அத்தனை பெரிதாகக் காட்டிவிடும், அதைப் பார்த்துக் கை இன்னும் நடுங்கும். அப்புறம் எதிரே இருக்கும் முகங்கள். ஒருவரும் சிரிப்பதில்லை, தலையசைப்பதில்லை. பின்வரிசையில் ஒருவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ குறித்துக்கொள்வார், அவ்வளவுதான், நான் சொல்வது எல்லாமே தப்பு என்று மனம் முடிவுகட்டிவிடும்.

இந்த முகங்களைப் பற்றி ஒரு தெளிவு கிடைத்தது வேறொரு துறையிலிருந்து. மன அழுத்தத்தை ஆராய்பவர்கள் அதை ஆய்வகத்திலேயே வரவழைக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள், ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை என்று பெயர், ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்டது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் நின்று 5 நிமிடம் பேச வேண்டும், பிறகு அவர்கள் எதிரிலேயே மனக்கணக்குப் போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிவிடுகிறது. படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இறுகிய முகங்களுக்கு எதிரே பேசினால் மனித உடம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும், எனக்கு ஆய்வு செய்யத் தகுதி இல்லை என்பதற்கு அது அடையாளம் கிடையாது. அந்த முகங்களும் பகையாளிகளின் முகங்கள் கிடையாது. ஒரு வரைபடத்தைக் கவனமாகப் படிக்கும்போது யாருடைய முகமும் அப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் உரையைக் கேட்கும்போது என் முகமும் அப்படித்தான்.

அடுத்து, என் நடுக்கம் மற்றவர்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்பது. உள்ளுக்குள் நடப்பதெல்லாம் வெளியே பளிச்சென்று தெரிவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விஷயத்தை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி மேடையேற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். எனக்கு இதை நம்பப் பிடிக்கவில்லை, கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. நண்பர் ஒருவரைப் பின்வரிசையில் உட்கார்ந்து என் உரையைக் கைபேசியில் பதிவு செய்யச் சொன்னேன். எங்கே குரல் உடைந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, முறைகளைச் சொல்லி முடித்து முடிவுகளுக்குப் போகும் இடம். பதிவில் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி மட்டும்தான் கேட்டது, யோசித்துப் பேசுகிறவர் விடும் இடைவெளி மாதிரி. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் தைரியம் சொன்னாலும் வராத நம்பிக்கை அதில் வந்தது.

லேசர் பாயின்டரை அதோடு விட்டுவிட்டேன், காட்ட வேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே அம்புக்குறி வைத்துவிடுகிறேன். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்கிறேன், முழு உரையையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவினாலே எல்லாம் போய்விடும். வெளியே காத்திருக்கும்போது மூச்சை மெதுவாக, நீளமாக விடுகிறேன். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும். கைகளை விரித்து நிமிர்ந்து நின்றால் ஹார்மோன்களே மாறும் என்று 2010-இல் வந்த கட்டுரையைப் பலர் சொல்வார்கள், அது வேண்டாம். 2015-இல் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் வரவில்லை, முதல் கட்டுரையின் முதன்மை ஆசிரியரே 2016-இல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்.

இவையெல்லாம் கைகொடுத்தன, ஆனால் பெரிய வித்தியாசம் வந்தது வேறொரு இடத்தில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டியின் விதி, ஒரே ஸ்லைடு, 3 நிமிடம். போட்டிக்காக இல்லாமல் பயிற்சிக்காக அதை நான் எடுத்துக்கொண்டேன். ஆய்வக நண்பர்கள் முன் அப்படிப் பேசிப் பார்த்ததும் என் பயத்தின் ஊற்று எங்கே என்று பிடிபட்டது. முறைகளைச் சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. 'ஆகவே இந்த முடிவு எதைக் காட்டுகிறது என்றால்' என்று தொடங்கும்போதுதான் தடுமாறினேன். என் தரவு எதுவரை பேசும், எங்கே நின்றுவிடும் என்று எனக்கே உறுதியாக இல்லை, யாராவது அந்த இடத்தில் கைவைத்துவிடுவார்களோ என்பதுதான் பயம், கூட்டத்தைப் பார்த்து இல்லை.

சரி என்று உட்கார்ந்து என் ஆய்வின் எல்லைகளை ஒரு தாளில் எழுதினேன். மாதிரிகள் எல்லாம் ஒரே பருவத்தில் எடுத்தவை. அளவீடுகள் காலையில் மட்டும். இந்த ஒரு தாவர இனத்துக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இப்படியே பக்கம் நிறைந்தது. எழுதும்போது வயிற்றைக் கலக்கியது, எழுதி முடித்ததும் மனசு லேசானது, ஏனென்றால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது எல்லாம் நான் கையால் எண்ணி, அளந்து, சரிபார்த்தது, அதை யார் கேட்டாலும் சொல்வேன். முக்கியமான எல்லைகளைக் கடைசி ஸ்லைடில் நானே போட்டேன். நெறியாளர், "இதை நீங்களே ஏன் காட்டிக்கொடுக்கிறீர்கள்" என்று கேட்கவில்லை, எழுத்தளவைப் பெரிதாக்கச் சொன்னார்.

அந்த உரையில் கேள்வி நேரம் வந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் மைக்கை வாங்கி, "அளவீடு உச்சிவெயிலிலும் எடுத்தீர்களா?" என்றார். முன்பாக இருந்தால் இரண்டு நிமிடம் சுற்றி வளைத்திருப்பேன். "இல்லை ஐயா, காலையில் மட்டும்தான். வறட்சியில் பல தாவரங்கள் நண்பகலில் துளைகளை மூடிக்கொள்ளும் என்பதால் அந்த நேரத்தில் படம் மாறலாம், என் தரவை வைத்து அதைச் சொல்ல முடியாது" என்றேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, குரல் தடுமாறவில்லை. அவர் தலையசைத்துவிட்டு, காலை, நண்பகல், மாலை என்று ஒரே செடியைப் பின்தொடர்ந்து அளக்கலாமே என்று சொல்லி, கருவியை இலையில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பது வரை இடைவேளையில் விளக்கினார். இப்போது என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அந்த நண்பகல் அளவீடுகள்தான். அதில் வந்த வரைபடத்தைத்தான் அடுத்த கருத்தரங்கில் காட்டப் போகிறேன், எல்லைகள் பட்டியல் இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.