மருந்தைக் கொட்டினாயா?

டிசம்பர் 14

திருப்பாலைக்குடிப் பக்கம் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு. விடிந்ததும் பத்து லிட்டர் மருந்து நிரப்பி டிரோனை ஏற்றினேன். இரண்டாவது நடையில் ஆறு விசிறிகளில் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. ஐந்து போதும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள், நிறைதொட்டியோடு போதவில்லை. தட்டாமாலை சுற்றிக்கொண்டே போய்க் கண்மாய்க் கரைக் கருவேலத்துக்குள் விழுந்தது. வயல்காரர் முதலில் கேட்டது மருந்துக் காசை.

டிசம்பர் 15

மோட்டாரைக் கழற்றினேன். பேரிங்கை விரலால் சுற்றினால் நறநறவென்கிறது. ஒயர் முனையில் மயில்துத்த நிறத்தில் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. தினமும் நல்ல தண்ணீரில் துடைத்திருக்க வேண்டும். குடிக்கவே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊரில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் 17

பெரியப்பா வந்தார். இளவயதில் வடக்கே மருந்தடிக்கும் விமானத்துக்குத் தரைவேலை பார்த்தவர். அந்த விமானத்துக்குப் பசந்த் என்று பெயர். பெங்களூரில் செய்தது, முதலில் பறந்தது 1972-ல். விஷயத்தைக் கேட்டதும், “மருந்தைக் கொட்டினாயா?” என்றார். விழித்தேன்.

பயிருக்கு மேலே ஓரிரு ஆள் உயரத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றால் யோசிக்க நேரம் கிடையாதாம். விமானி நெம்புகோலை இழுப்பார்; சில விநாடிகளில் மருந்து மொத்தமும் கீழே. பாரம் குறைந்ததும் மூக்கைச் சற்றே தூக்கி, மிச்சமிருக்கும் வேகத்தை உயரமாக்கிக்கொள்வார். பிறகு எதிரே எது கிடைக்கிறதோ அங்கேதான் இறக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப நினைத்தால் வேகம் செத்து இறக்கை சரிந்துவிடும். சால் ஓடும் போக்கிலேயே இறக்க வேண்டும். வரப்புக்குக் குறுக்கே போனால் குட்டிக்கரணம்.

அவருடைய வேலை காலையில் பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பது. ராத்திரிப் பனியில் தண்ணீர் இறங்கியிருந்தால் புட்டியின் அடியில் முத்துமுத்தாக உருளும். முத்து நிற்கும்வரை பிடிக்க வேண்டும். சொல்லும்போது வெறுங்கையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

டிசம்பர் 21

புது மோட்டார். ஏற்றும் முன் வயலைச் சுற்றி வந்தேன்: தெற்கே மின்கம்பி, கிழக்கே பனை, மேற்கே இறக்குவதற்குத் தோதாக ஒரு தரிசு. என் டிரோனில் மருந்தைக் கொட்ட வழியில்லை. ஆகவே ஐந்து லிட்டருக்கு மேல் ஊற்றவில்லை. பெரியப்பா ஈரத்துணியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

இரட்டை நடைக்கு இரட்டை வாடகை கிடையாது என்று வயல்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.